பல் மருத்துவ உதவியாளர் பயிற்றுநர் ஆக விரும்புவோர் கேட்கும் கேள்விகள்

திருவொற்றியூரில் ஒரு பல் மருத்துவமனையில் 11 ஆண்டுகள் நாற்காலி அருகே நின்று வேலை பார்த்த பிறகு பாடம் எடுக்க வந்தவள் நான். இப்போது தண்டையார்பேட்டையில் ஒரு சிறிய பயிற்சி மையத்தில், காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர்ப் பக்கங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். என்னோடு கிளினிக்குகளில் வேலை பார்த்தவர்கள், தாங்களும் வகுப்பு எடுக்க வரலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

உதவியாளராக நன்றாக வேலை செய்பவர் நல்ல பயிற்றுநராகவும் இருப்பார் அல்லவா?

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். முதல் வகுப்பில் பரிசோதனை ட்ரேயை அடுக்கிக் காட்டி, மிரர், புரோப், ட்வீசர் ஆகியவற்றை மருத்துவரிடம் எடுத்துக் கொடுக்கும் முறையையும் செய்து காட்டினேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "எல்லாத்தையும் இடது கையாலதான் எடுக்கறீங்க, மிரர மட்டும் ஏன் மேடம் வலது கையால எடுத்தீங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. 11 ஆண்டுகளாகச் செய்துவந்ததை ஒரு முறையாவது வாயால் சொல்லிப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

காரணம் எளியதுதான். வலக்கைப் பழக்கமுள்ள மருத்துவருக்கு உதவும்போது நம் வலக்கை, வாயில் சேரும் எச்சிலையும் நீரையும் உறிஞ்சும் சக்‌ஷனுக்கு உரியது, இடக்கைதான் கருவிகளைக் கொடுத்து வாங்கும் கை. பரிசோதனை தொடங்கும் அந்த ஒரு கணத்தில் மட்டும் சக்‌ஷன் தேவைப்படாததால் வலக்கை சும்மா இருக்கிறது. ஆகவே மிரரை வலக்கையிலும் புரோபை இடக்கையிலும் எடுத்து, மருத்துவரின் இரண்டு கைகளிலும் ஒரே நேரத்தில் சேர்த்துவிடுகிறோம். இதை மறுநாள் வகுப்பில் சொன்னேன். அன்றிலிருந்து, எந்தச் செயலைக் கற்பிப்பதற்கு முன்பும் அதை வீட்டில் ஒரு முறை மெதுவாகச் செய்து, ஒவ்வொரு அசைவுக்கும் காரணத்தை நோட்டில் எழுதிவிடுகிறேன். காரணம் எழுத வராத இடங்களில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள்.

பயிற்றுநர் ஆவதற்கு பி.டி.எஸ். என்னும் பல் மருத்துவப் பட்டம் படித்திருக்க வேண்டுமா?

எந்தப் படிப்பைக் கற்பிக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. மருத்துவமனைகளும் தனியார் மையங்களும் தாங்களாகவே நடத்தும் குறுகிய காலப் பயிற்சிகளில், அனுபவமுள்ள உதவியாளர்களும் பல் சுகாதாரப் பணியாளர்களும் செய்முறை வகுப்பு எடுக்கிறார்கள், பல் நோய்கள் குறித்த பாடங்களுக்கு மருத்துவர் ஒருவர் வருவார். அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டங்களின்கீழ் நடக்கும் படிப்பு என்றால், சுகாதாரத் துறைத் திறன் மன்றம் வகுத்த பாடத்திட்ட ஆவணத்தின் கடைசிப் பக்கங்களில் பயிற்றுநருக்கான கல்வித் தகுதியும் அனுபவ ஆண்டுகளும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். அந்த ஆவணம் அவ்வப்போது திருத்தப்படுவதால், பழைய நகலைக் கையில் வைத்திருக்கும் தரகர் சொல்வதை நம்பாமல், நடைமுறையில் உள்ள பதிப்பைத் தரவிறக்கிப் படித்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

பி.டி.எஸ். முடித்துவிட்டு இந்த வேலைக்கு வரும் இளம் மருத்துவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பல்லைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அளவு எங்களுக்குத் தெரியாது. ஆனால் நாற்காலியின் மறுபக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். வகுப்பெடுக்கத் தொடங்கும் முன் இரண்டு வாரமாவது ஒரு மூத்த உதவியாளரின் இடத்தில் அமர்ந்து, இன்னொரு மருத்துவருக்குச் சக்‌ஷன் பிடித்துப் பாருங்கள்.

பயிற்றுநர் சான்றிதழ் என்பது என்ன?

திறன் திட்டங்களில் பயிற்றுநருக்கு இரண்டு தேர்வுகள் உண்டு. ஒன்று தொழில் அறிவுக்கானது. மற்றொன்று பாடத்தைத் திட்டமிடுவது, செய்து காட்டுவது, மதிப்பிடுவது போன்ற கற்பிக்கும் திறனுக்கானது. பெரும்பாலான ஆவணங்கள் இரண்டிலும் 80 விழுக்காடு மதிப்பெண்ணைக் கேட்கின்றன. தொழில் தேர்வில் எளிதாகத் தேறிவிட்டு, இரண்டாவதில் சறுக்கியவர்களை நான் அறிவேன். பாடத்திட்டக் குறிப்பு எழுதுவது நமக்குப் பழக்கமில்லாத வேலை என்பதால், அதற்குத்தான் கூடுதலாகத் தயாராக வேண்டும்.

உதவியாளர்களுக்கு எதைக் கற்பிக்கலாம், எதைக் கற்பிக்கக் கூடாது?

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை, முதலில் கேட்க வேண்டியது இதுதான். 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம், பல் மருத்துவர், பல் சுகாதாரப் பணியாளர், பல் செயற்கை உறுப்புத் தொழில்நுட்பர் என்று மூவரை வரையறுத்தது. பற்களைச் சுரண்டிச் சுத்தம் செய்வதும் மெருகிடுவதும் அந்த வரையறையில் சுகாதாரப் பணியாளரின் வேலை. உதவியாளர் அந்த மூவரில் ஒருவர் அல்லர். அச்சட்டத்தின் இடத்தில் வருவதற்காக 2023ஆம் ஆண்டில் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. எந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டாலும், பதிவு பெறாதவர் நோயாளியின் வாயில் சிகிச்சை செய்வதற்கு இடமில்லை.

நடைமுறை வேறாக இருப்பது நம் எல்லோருக்கும் தெரியும். மாலை நேர நெரிசலில், "நீயே ஸ்கேலிங் போட்டுடும்மா" என்று சொல்லும் கிளினிக்குகள் இருக்கின்றன. நோயாளிகளோ வெள்ளைக் கோட்டுப் போட்ட எவரையும் சிஸ்டர் என்றோ டாக்டரம்மா என்றோ கூப்பிடுகிறார்கள். இந்த நிலையில் 19 வயதுப் பெண் ஒருத்தி, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், முடியாது என்று எந்தச் சொற்களால் சொல்வாள்? அதையும் நான் பாடமாகவே எடுக்கிறேன். "சார், எனக்குப் பயிற்சி தந்தது உதவி செய்யத்தான், இதைச் செய்ய எனக்கு அனுமதி இல்லை" என்ற வாக்கியத்தை ஒவ்வொருவரும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். முதலில் சிரிப்பார்கள். மூன்றாவது ஆளுக்கு வரும்போது சிரிப்பு நின்றுவிடும்.

முதல் மாதத்தில் எதைச் சொல்லிக் கொடுப்பது?

தொற்றுத் தடுப்பைத்தான். மாணவர்கள் முதல் நாளே நோயாளியின் அருகில் நிற்க ஆசைப்படுவார்கள். மையமும் விளம்பரத்துக்குப் படம் எடுக்க அவசரப்படும். இரண்டுக்கும் இடங்கொடுக்கக் கூடாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளும் முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்ற கணக்கில் வருவதால், சேர்க்கையன்றே முதல் ஊசியைப் போட அனுப்பிவிட வேண்டும். மூன்றாவது தவணை முடிந்து ஒன்றிரண்டு மாதங்களில் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவைப் பரிசோதிக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அதற்குள் அவர்கள் நம்மிடம் படித்து முடித்திருப்பார்கள்.

அடுத்தது, கருவிகளை நீராவியால் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவ். 121 டிகிரி செல்சியஸ், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் என்று எல்லாரும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். பொதியிட்ட கருவிகளுக்குச் சாதாரண ஆட்டோகிளேவில் வேண்டிய 30 நிமிடத்தை, சுவிட்சைப் போட்ட நேரத்திலிருந்து கணக்கிடாமல், வெப்பம் அந்த அளவைத் தொட்ட நேரத்திலிருந்து கணக்கிட வேண்டும் என்பதில்தான் கோட்டை விடுவார்கள். பொதியின்மேல் ஒட்டிய டேப் நிறம் மாறியதைக் காட்டி, "கிருமி செத்துப்போச்சு மேடம்" என்பார்கள். அந்த டேப் வெப்பம் பட்டது என்பதை மட்டுமே சொல்லும். கிருமி செத்ததா என்பதைச் சொல்ல, ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்னும் வெப்பம் தாங்கும் நுண்ணுயிரியின் வித்துகளை உள்ளே வைத்துச் செய்யும் சோதனை வேண்டும். பெயர் நீளமானதுதான். தேர்வுக்கு அதைக் கேட்க மாட்டேன், வேறுபாட்டைக் கேட்பேன்.

நம் பகுதிக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. கடற்காற்று. கழுவிய கருவியை ஈரத்தோடு பொதியிட்டு வைத்தால் இரண்டே மாதத்தில் மூட்டுகளில் துரு ஏறிவிடும். பல் பிடுங்கும் ஃபோர்செப்ஸின் மூட்டைத் திறந்து வைத்து, முழுவதும் உலர்ந்த பிறகே பொதியிட வேண்டும் என்பதை ஒரு துருப்பிடித்த கருவியைக் கையில் கொடுத்தே சொல்லிவிடுகிறேன்.

கழிவுகளைப் பிரிக்கும் பாடத்தை எப்படி நடத்துவது?

உயிர் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 சொல்லும் நான்கு நிறங்களையும் சுவரில் ஒட்டிவிட்டால் பாடம் முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். உண்மையான பொருட்களை மேசையில் கொட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். இரத்தத்துக்குப் பதிலாகச் சிவப்புச் சாயம் நனைத்த பஞ்சு மஞ்சள் பைக்குப் போகும். கையுறையும் சக்‌ஷன் முனையும் சிவப்புக்கு. ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்கு. மரப்பு மருந்தின் கண்ணாடிக் குப்பி நீலத்துக்கு. பிடுங்கிய பல்லில் பாதரசம் கலந்த வெள்ளி அடைப்பு இருந்தால் மட்டும் கேள்வி சிக்கலாகும். அதை மஞ்சளில் போட்டு எரித்தால் பாதரசம் காற்றில் கலக்கும், ஆகவே தனியே வைக்க வேண்டும்.

நான்கு கை முறையை எளிதாகப் புரியவைக்க முடியுமா?

மருத்துவரின் இரண்டு கைகளும் உதவியாளரின் இரண்டு கைகளும் சேர்ந்து வேலை செய்வதுதான் நான்கு கை முறை. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி நாற்காலியின் தலைப்பக்கத்தில் வையுங்கள். நோயாளியின் தலை 12 மணி. வலக்கை மருத்துவர் 7 முதல் 12 வரை, உதவியாளர் 2 முதல் 4 வரை, கருவிகள் கைமாறும் இடம் 4 முதல் 7 வரை, 12க்கும் 2க்கும் இடைப்பட்டது வண்டியும் சாமானும் நிற்கும் இடம். உதவியாளரின் கண்மட்டம் மருத்துவரின் கண்மட்டத்தைவிட நான்கு முதல் ஆறு அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும். பல கிளினிக்குகளில் உதவியாளருக்கு ஸ்டூலே இருப்பதில்லை என்பது வேறு விஷயம். அங்கே எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்து முதுகுவலி வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. மாணவர்கள் வேலைக்குப் போகும் இடத்தில் ஸ்டூல் கேட்கத் தெரிய வேண்டும், அதற்காகவாவது உட்கார்ந்து செய்யும் முறையை முதலில் பழக்க வேண்டும்.

தண்ணீரில் குழைக்கும் அல்ஜினேட் தூளால் பல் அச்சு எடுக்கும்போது மாணவர்கள் கையில் கட்டிக்கொண்டுவிடுகிறதே?

சென்னையில் மே மாதம் இதைக் கேட்காத பயிற்றுநர் இல்லை. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் நண்பகலில் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். தண்ணீர் சூடாக இருந்தால் அல்ஜினேட் விரைவில் கெட்டியாகும். சாதாரண வகைத் தூள்கூட ட்ரேயை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் ரப்பர்போல் ஆகிவிடும். நான் வகுப்பறையின் மூலையில் ஒரு மண்பானை வைத்திருக்கிறேன். ஒரே தூளைப் பானைத் தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் இருவரைக் கலக்கச் சொல்லி, மற்றவர்கள் கைப்பேசியில் நேரத்தைக் குறிப்பார்கள். குழாய்த் தண்ணீர்க்காரர் கிண்ணத்தின் ஓரத்தில் வழித்துக்கொண்டிருக்கும்போதே அது கட்டிவிடும். மற்றவர் அவசரமின்றி ட்ரேயை நிரப்புவார். இதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

தூளை அதிகமாகப் போட்டுவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றிச் சரிசெய்வது பரவலான பழக்கம். பிரியாணிக் குழம்புக்கு அது செல்லும், அச்சுக்குச் செல்லாது. எடுத்த அச்சை ஈரத்துணியில் சுற்றி, தாமதிக்காமல் பிளாஸ்டர் ஊற்ற வேண்டும் என்பதையும் மின்விசிறியின் கீழ் விட்ட ஓர் அச்சு மறுநாள் எப்படிச் சுருங்கிக் கிடக்கிறது என்பதையும் சேர்த்தே காட்டிவிடலாம்.

பாடப்புத்தகத்தில் இல்லாத எதையாவது இங்கே கற்பிக்க வேண்டியிருக்கிறதா?

உண்டு: வாய் திறக்காத நோயாளி. பாக்கும் புகையிலையும் கலந்த மாவாவைப் போடும் பழக்கம் நம் பகுதியில் மீன்பிடித் துறைமுகத்திலும் லாரி நிறுத்தங்களிலும் பட்டறைகளிலும் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பாக்கை ஆண்டுக்கணக்கில் மெல்பவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நார்நாராக இறுகி, மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் ஒன்றரை விரல்கூட நுழையாது. புற்றுநோய்க்கு முந்தைய நிலையாகவும் அது கருதப்படுகிறது. புத்தகத்தில் படம் போட்டுக் காட்டும் சக்‌ஷன் பிடிக்கும் முறை அந்த வாயில் நடக்காது. மெல்லிய முனையைக் கடைவாய் ஓரமாக நுழைக்கவும், கன்னத்தை இழுக்காமல் மெல்லத் தாங்கவும், நடுவில் ஓய்வு கொடுக்கவும் பழக வேண்டும். மாதிரித் தலையின் தாடையை ரப்பர் பட்டையால் கட்டி, இரண்டு விரல் அளவுக்குமேல் திறக்காதபடி செய்து பயிற்சி தருகிறேன். அந்த நோயாளியிடம் அறிவுரை மழை பொழியக் கூடாது என்பதும் பாடத்தில் சேரும். அவர் வீட்டில் கேட்டது போதும்.

எக்ஸ்ரே பாடத்தை நாமே எடுக்கலாமா?

பாதுகாப்பு விதிகளையும் ஃபிலிம், சென்சார் கையாள்வதையும் எடுக்கலாம். பல் எக்ஸ்ரே கருவிகள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டில் வருபவை, மையத்தில் உள்ள கருவிக்குப் பதிவு உண்டா என்று கேட்டுவிட்டே அருகில் போங்கள். மாணவர்களை ஒருவர்மீது ஒருவர் படமெடுத்துப் பழகச் சொல்வது கண்டிப்பாகக் கூடாது, மாதிரித் தலை இருக்கிறது. கதிர் பாயும் திசையிலிருந்து விலகி ஆறு அடிக்கு அப்பால் நிற்க வேண்டும், ஃபிலிமை விரலால் பிடித்துக்கொள்ளக் கூடாது.

இந்தக் கடைசி விதியை மட்டும் கதையாகச் சொல்வேன். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பல் மருத்துவர் எட்மண்ட் கெல்ஸ் 1885ஆம் ஆண்டிலேயே தம் கிளினிக்கில் பெண் உதவியாளரை அமர்த்தியவர். நம் தொழிலே அவரிடமிருந்து தொடங்கியது என்று எழுதுவார்கள். பல் எக்ஸ்ரேயை முதன்முதலில் கையாண்டவர்களில் அவரும் ஒருவர். கதிரின் கேட்டை அறியாத அந்தக் காலத்தில் தம் கையையே அதில் காட்டிக் காட்டிப் புண்ணாகி, விரல்களை ஒவ்வொன்றாக இழந்து, 1928இல் இறந்தார்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலப் பெயர்கள் சிரமமாக இருக்காதா?

பத்து நாள் இருக்கும். கருவிப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதி ட்ரேயிலேயே ஒட்டிவிடுங்கள், மருத்துவர் எந்தச் சொல்லைச் சொல்லிக் கையை நீட்டுவாரோ அந்தச் சொல்லையே பழக்குங்கள். பல் எண்களுக்கு மொழியே வேண்டாம். மேல் வலது முதல் வெட்டுப்பல் 11, கீழ் வலது கடைசிக் கடைவாய்ப்பல் 48 என்பதைத் தெலுங்கு பேசும் பிள்ளையும் உருது பேசும் பிள்ளையும் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள். நோயாளி "கூசுது" என்பதற்கும் "விண்விண்ணுன்னு தெறிக்குது" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மருத்துவரிடம் சரியாகக் கொண்டு சேர்ப்பதில் நம் பிள்ளைகளை யாரும் மிஞ்ச முடியாது.

ஒரு வகுப்பில் எத்தனை பேர் இருக்கலாம்?

கரும்பலகைப் பாடத்துக்கு முப்பது பேர் இருந்தாலும் சமாளிக்கலாம். செய்முறைக்கு ஆறு பேருக்குமேல் ஒரு பயிற்றுநரால் பார்க்க முடியாது. அமெரிக்கப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பும் நாற்காலிப் பயிற்சிக்கும் எக்ஸ்ரே பயிற்சிக்கும் இதே ஆறைத்தான் வரம்பாக வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் இதே வேலைக்குப் போக முடியுமா?

அங்கே முறை வேறு. பல் மருத்துவ உதவியாளர்களுக்கான தேசிய வாரியம் நடத்தும் மூன்று பகுதித் தேர்வில் தேறிச் சான்று பெற்ற உதவியாளராக இருப்பதே பயிற்றுநர் வேலைக்கு வழக்கமான முதல் படி. அத்தேர்வை எழுத, அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்திருக்க வேண்டும், அல்லது பள்ளிப் படிப்போடு குறைந்தது 3,500 மணி நேர வேலை அனுபவம் காட்ட வேண்டும். வெளிநாட்டில் பல் மருத்துவம் படித்தவர்களுக்கும் தனி வழி உண்டு. உதவியாளர் எதைச் செய்யலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நம் ஊர் டிப்ளமோ ஒன்றை நேரடியாக அங்கே ஏற்றுக்கொள்வார்கள் என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள்.

சேரும் முன் பயிற்சி மையத்திடம் என்ன கேட்க வேண்டும்?

சான்றிதழை வழங்குவது யார், மாணவர்கள் எந்த மருத்துவமனையில் பயிற்சி பெறுவார்கள், அதற்கு எழுத்துபூர்வ ஒப்பந்தம் உண்டா, ஒரு மாணவர் தொகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் வரையுள்ள வாரங்களுக்குச் சம்பளம் உண்டா. கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள், ஏனென்றால் மாதச் சம்பளம் நன்றாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கு எட்டு மாதம்தான் வரும் என்றால், மூத்த உதவியாளராகவே இருந்திருக்கலாம்.

மூலச் சான்றிதழ்களை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். நான் முதலில் சேர்ந்த மையம் என் மதிப்பெண் பட்டியல்களைச் சரிபார்க்க என்று வாங்கி வைத்துக்கொண்டது. விலகியபோது நான்கு மாதம் அலைய விட்டது. ஒவ்வொரு முறையும் பொறுப்பாளர் வெளியே போயிருப்பார். கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு ரயில் கடக்கும்வரை வெயிலில் நின்றுவிட்டுப் போய், பூட்டிய அறையைப் பார்த்துத் திரும்பிய நாட்கள் உண்டு. நகலில் கையொப்பமிட்டுக் கொடுங்கள், மூலத்தைக் காட்டிவிட்டு அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.

பயிற்றுநர் ஆன பிறகும் கிளினிக்கில் வேலை பார்க்க வேண்டுமா?

வேண்டும் என்பது என் கருத்து. மூன்று ஆண்டுகள் நாற்காலிப் பக்கம் போகாதவர் கற்பிப்பது, மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய கிளினிக்கை. நான் சனிக்கிழமை மாலைகளில் பழைய இடத்துக்கே போகிறேன். போன மாதம் அங்கே புதிதாக வாங்கிய ஸ்கேனரால் அச்சு எடுப்பதை முதன்முறையாகப் பார்த்தேன். அதன் முனையைப் பிடிக்கவும் துடைக்கவும் எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் என்னிடம் முதல் தொகுதியில் படித்தவள். நான் முனையைத் தவறான பக்கம் திருப்பியபோது, "மெதுவா மேடம், காரணம் சொல்றேன்" என்றாள்.